நானும் மெம்பர்தாங்க!

‘கிரெடிட் இல்லாத பேப்பர்தானே’னு இன்ஜினீயரிங் காலேஜில் அரசியலமைப்புப் பாடத்தைக் கடைசி பெஞ்சில் ஓட்டியவன் நான். மக்களவைக்கு 543 தொகுதிகள், பிரிவு 243-ஏ கிராமசபை... எல்லாம் பரீட்சை மனப்பாடம்!

மே 1 லீவுக்குக் கங்கைகொண்டான் வந்தேன். ‘‘கிராமசபைக்கு வாரியாலே?’’ என்றார் ஆச்சி.

‘‘மெம்பருங்க பேசுவாங்க. நான் எதுக்கு ஆச்சி?’’

‘‘ஒனக்கு ஓட்டு இருக்குல்லா? அப்ப நீயும் மெம்பர்தாம்லே!’’

பொளேர்னு இருந்தது. 1993-ல் அமலான 73-வது திருத்தமும் அதைத்தானே சொல்லுது! மக்களவை எம்.பி. ஆகணும்னா தேர்தல்ல ஜெயிக்கணும். கிராமசபைக்கு ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தாலே போதும். 18 வயசிலேயே கிடைத்த பதவி. ரெண்டு வருஷமா நான் ஆப்சென்ட்!

கூட்டத்தில் வரவு-செலவு வாசித்தாங்க. பள்ளிக்கூடமே பார்க்காத ஆச்சி எழுந்து ஒரு செலவுக்கு விளக்கம் கேட்டார். பதிலும் வந்தது.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். காலேஜ் அட்டெண்டன்ஸுக்குக்கூட இப்படிக் கை நடுங்கினதில்லை!