நான் வாங்கிய பந்தயக் கார்

மனிதனுக்கு உண்டாகும் ஆசைகளுட் சில, அவனுடைய சம்பளத்தை விசாரித்துக்கொண்டு வருவதில்லை. நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயத்தை, சிறுவனாயிருந்தபோது தேயிலைச் செடிகளினிடையே நின்று பார்த்தேன். சின்னஞ்சிறு வண்டிகள் உறுமிக்கொண்டு வளைவில் ஏறி மறைந்தன. இரவு லயத்துக்குத் திரும்பிப் படுத்த பின்னும் அவ்வோசை என் காதை விட்டு அகலவில்லை.

என் தந்தையார் தோட்டத் தொழிற்சாலையில் எஞ்சின் டிரைவர். அங்கிருந்த எண்ணெய் எஞ்சினின் துடிப்பில் ஒன்று பிசகினாலும் உறக்கத்திலிருந்து எழுந்துவிடுவார். அவருடைய மகனாகிய நான் அட்டனில் ஒரு கடையில் கணக்கெழுதினேன். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் ஓசை அழகாயிருக்கும் என்பதுதான்.

1972ஆம் ஆண்டு காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. அக்காலத்தில் ஊர் திரும்பிய துரைமார் பலர் தம் வண்டிகளை விட்டுச் சென்றனர். அவ்வாறு கைமாறிய சிவப்பு நிற டிரையம்ப் டி.ஆர்.2 ஒன்று நுவரெலியாவில் விலைக்கு நிற்பதாக அறிந்தேன். என் சேமிப்புப் போதவில்லை. அம்மா தம் இரண்டு வளையல்களையும் கழற்றிக் கொடுத்தார். "ஓட்டிப் பார்த்துட்டு மீட்டுக் குடுத்துடு தம்பி" என்று மட்டும் சொன்னார். காரை ஓட்டிப் பார்த்தால் வளையல் எப்படி மீளும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வண்டியைப் பார்க்கத் தந்தையாரையும் அழைத்துப் போனேன். அவர் வண்டியின் நிறத்தைப் பார்க்கவில்லை. நேரே போய் எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாயிருந்தது.

"நாம வர்றதுக்கு முன்னாலேயே கிளப்பி வச்சிருக்காங்க. இன்னிக்கு வேணாம். ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில நாமளே கிளப்பிப் பார்ப்போம். அப்புறம் நானுஓயா வரைக்கும் இறங்கி, ஏறியும் பார்க்கணும்" என்றார்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதுதான் தேய்ந்த பிஸ்டனின் தட்டலும் நீலப் புகையும் வெளிப்படும். நன்றாகச் சூடேறி ஒயில் இளகிய பின்னரே பேரிங்கின் தேய்மானம் தெரியவரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இளஞ்சூட்டில் எந்தக் கிழட்டு எஞ்சினும் குமரியைப் போல் நடிக்கும். இதையெல்லாம் நான் பின்னர்தான் கற்றேன்.

வண்டி ஏற்றத்தில் சற்றுத் தளர்வதை நானும் கவனித்தேன். விற்பவர் சிரித்துக்கொண்டே, "மலைக்காற்றுக்கு அப்படித்தான்" என்றார். அதில் பாதி உண்மை. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. ஆகவே எஞ்சினின் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று குறையும். கார்புரேட்டர் தரும் கலவையில் பெற்றோல் மிஞ்சும். திறந்த பாத்திரத்து நீரும் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மலைநாட்டில் பழைய கார் விற்பவர்களுக்கு இதைவிட நல்ல சாக்கு வேறில்லை. மூப்பின் குற்றத்தையெல்லாம் காற்றின் தலையில் ஏற்றிவிடலாம்.

மறுநாள் வரை பொறுத்தால் வேறொருவர் கொண்டுபோய்விடுவாரோ என்று அஞ்சினேன். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். தந்தையார் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனார்.

மூன்றாவது வாரம் கண்டி போய்த் திரும்பினேன். புசல்லாவை தாண்டி றம்பொடை ஏற்றத்தில், ஓட்டத்தின்போது சதுர அங்குலத்துக்கு 70 இறாத்தல் காட்ட வேண்டிய ஒயில் முள் முப்பதுக்கும் கீழே சரிந்தது. அடியிலிருந்து 'டொக் டொக்' என்று ஓசை. அங்கேயே நிறுத்தியிருந்தால் பேரிங்கோடு போயிருக்கும். வீடு சேர்ந்துவிடலாம் என்று மிதித்தேன். இரண்டாவது வளைவில் வண்டி நின்றது.

தோட்டத்து லொறியில் கட்டி இழுத்து வந்தோம். தந்தையார் ஒயில் தொட்டியைக் கழற்றி, அடியில் தேங்கிய ஒயிலை விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். வெள்ளித்தூள் போல் மின்னிற்று. பேரிங் கரைந்த பொடி. முன்னே ஓட்டியவர் குளிர்காலை வேளைகளில், ஒயில் கெட்டியாயிருக்கும்போதே எஞ்சினை அலறவிட்டிருப்பார் என்பது அவர் கணிப்பு. தண்டு ஒயில்மேல் மிதந்து சுழல வேண்டும். ஒயில் வந்து சேருமுன் விரட்டினால் உலோகம் உலோகத்தை உரசும். வண்டி வாங்குகிறவன் முன்னவருடைய கைப்பழக்கத்தையும் சேர்த்தே வாங்குகிறான்.

"ஆனா எஞ்சின் நல்ல எஞ்சின்டா" என்றார் தந்தையார், வைத்தியர் நோயாளியைப் புகழ்வதுபோல.

அவர் சொன்னது மெய்யே. 1991 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 90 குதிரை வலுவும் உடைய அவ்வெஞ்சின், ஸ்டாண்டர்ட் வான்கார்ட் என்னும் குடும்பக் காரின் எஞ்சினிலிருந்து பிறந்தது. வயலுழும் சாம்பல் நிறப் பெர்குசன் டிராக்டருக்கும் அது நெருங்கிய உறவு. சிலிண்டர்க் குழாய்களைத் தனித்தனியே கழற்றி மாற்றலாம். வேகமாய் ஓடுவதற்கென்றே பிறந்ததைக் காட்டிலும், உழைக்கப் பிறந்த எஞ்சினை ஓடவிட்டது நமக்கு வாய்ப்பாயிற்று. இறக்குமதி இறுகியிருந்த அந்நாளில் புதிய உதிரிப்பாகம் ஏது? பழைய வான்கார்ட் ஒன்றிலிருந்து எடுத்தவற்றில் பொருந்தியதைப் பொருத்தி, பொருந்தாததைக் கடைந்து, தண்டைச் சாணை பிடித்து, ஏழு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளை அவர் அதற்குச் செலவிட்டார். கூட இருந்து கருவிகளை எடுத்துக் கொடுத்தேன். அந்த ஏழு மாதத்தில் அவர் என்னோடு பேசிய அளவு, அதற்கு முன் இருபத்தைந்து ஆண்டுகளில் பேசியதில்லை.

வண்டி ஓடியது. ஆயினும் அடகுச் சீட்டின் தவணை நெருங்கவே விற்கத் தீர்மானித்தேன். வாங்க ஓர் இளைஞர் வருவதாகச் சொன்னார். காலையில் எழுந்து சாவியைத் தேடினேன், காணவில்லை. தந்தையார் அதைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

இளைஞர் வந்தார். "கையை வச்சுப் பாருங்க தம்பி" என்று எஞ்சின் மூடியைக் காட்டினார் தந்தையார். அதன்மேல் இரவுப் பனி இன்னும் காயவில்லை. பிறகு றம்பொடையில் நடந்ததையும், மாற்றியவை எவை, மாற்றாதவை எவை என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். இளைஞர் கேட்ட விலையில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டே வாங்கினார்.

அம்மாவுக்கு ஒரு வளையல் மீண்டது.