கோமதிக்கு எத்தனை எழுத்து?

பத்தமடையில் கல்யாணப் பாய்க்குச் சொன்னால் மணமக்கள் பெயரையும் பாயிலேயே நெய்து தருவார்கள். தங்கச்சி மகள் கோமதிக்கு அப்படியொரு பாய் சொல்லியிருந்தோம். ஆர்டர் கொடுப்பது இப்போது செயலி வழியாகத்தான். பெயர் எப்படி வரும் என்று மாதிரிப் படம் போடுவார்கள். நாம் சரி சொன்ன பிறகுதான் தறியில் ஏறும். நான்கு நாளாகியும் எங்களுக்குப் படம் வரவில்லை. கடைக்காரரைக் கேட்டால் அன்றைக்கே ஏற்றிவிட்டோம் என்கிறார். செயலியைத் திறந்தால் படம் இல்லை என்கிறது. பாயைப் பற்றி எழுதப் போனவன், செயலி செய்கிறவர்களைத் தேடிப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டேன்.

ஜவுளிக்கடை மாடியில் ஒரே அறை. மூன்று பேர். கோப்புகளைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு முக்கூடல் பக்கம். நான் வந்த காரியத்தைச் சொன்னதும், "உக்காருங்க அண்ணாச்சி, என்னன்னு பாத்துருவோம்" என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

அவர்கள் படங்களை வைப்பது ஃபயர்பேஸ் என்கிற சேவையின் கிளவுட் சேமிப்பில். ஃபயர்பேஸை கூகுள் 2014இல் வாங்கியது. கோப்புச் சேமிப்பு வசதி 2016இல் வந்தது. மொத்தப் படங்களும் இருக்கிற இடத்துக்கு 'பக்கெட்' என்று பெயர். செயலி அதற்குள் கைவிட்டு எதையும் எடுக்காது. முதலில் ஒரு 'ரெஃபரன்ஸ்' உண்டாக்கும், அதை வைத்துத்தான் ஏற்றுவது, இறக்குவது, அழிப்பது எல்லாம்.

"அப்போ ரெஃபரன்ஸ்தான் படமா?" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்க வீட்டு விலாசத்தத் தாள்ல எழுதிப் பையில வச்சுக்கிட்டா, வீடு பைக்குள்ள வந்துருமா? இது விலாசம் மட்டுந்தான். கட்டாத வீட்டுக்குக்கூட விலாசம் எழுதலாம்."

அது நிஜம். இல்லாத படத்துக்கும் ரெஃபரன்ஸ் உண்டாக்கலாம், அப்போது எந்தப் பிழையும் வராது. வலைத் தொடர்பே அதற்குத் தேவையில்லை. போய்க் கதவைத் தட்டும்போதுதான் ஆள் இல்லை என்பது தெரியும். எங்களுக்கு நடந்ததும் அதுதான்.

விலாசத்தைத் திரையில் காட்டினார்: ஆர்டர்/கோமதி/மாதிரி. சாய்கோடுகளைப் பார்த்து, அறைக்குள் அறையாக அடுக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி அறைகள் எதுவும் இல்லையாம். முழுவதும் சேர்ந்து ஒரே நீளப் பெயர். சாய்கோடும் அதில் ஓர் எழுத்து. மேலே ஏற 'பேரன்ட்', கீழே இறங்க 'சைல்டு', உச்சிக்கு 'ரூட்' என்றெல்லாம் சொற்கள் இருந்தாலும், அவை அந்தப் பெயரை வெட்டியும் ஒட்டியும் அடுத்த விலாசத்தை எழுதித் தருபவைதாம். ரூட்டிடம் போய் பேரன்ட் கேட்டால் வெறுமைதான் வரும்.

பிறகு பக்கெட்டில் இருப்பவற்றை வரிசையாகக் காட்டச் சொன்னார். அங்கே ஆர்டர்/கோமதி/மாதிரி இருந்தது! எழுத்துக்கு எழுத்து அதே பெயர். ஆனால் செயலிக்குக் கிடைக்கவில்லை. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அவர் இரண்டு விலாசத்திலிருந்தும் கோமதி என்பதை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து நீளம் எவ்வளவு என்று கேட்டார். ஒன்றுக்கு 5 என்று வந்தது. மற்றதற்கு 6.

"பாத்தியளா அண்ணாச்சி? கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு."

உடைத்துக் காட்டினார். என் தங்கச்சி மகள் கைபேசியில் அடித்ததில் க, அதற்குப் பின் ஓகாரக் குறி முழுசாக ஒரே துண்டு, பிறகு ம, த, இகரக் குறி. ஐந்து. கடையில் வடிவமைப்பவர் பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றுகிறவர். பழைய எழுத்துருவில் கொம்பு தனி, க தனி, கால் தனி. மாற்றுகிற மென்பொருள் கொம்பை இழுத்து க-வுக்குப் பின்னால் வைத்தது. காலோடு அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டது. ஆக ஆறு. திரையில் வரையும்போது இரண்டும் 'கோ' தான். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதியும் சொல்கிறது. ஆனால் பக்கெட் விதியைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது. தமிழ்த் துண்டு ஒவ்வொன்றும் 3 பைட். ஒரு கோமதி 15, இன்னொரு கோமதி 18. அதற்கு அவை இரண்டு வேறு பெண்கள்.

முழு விலாசத்துக்கு 1024 பைட் வரம்பு உண்டு. ஆங்கிலத்தில் ஆயிரத்துச் சொச்சம் எழுத்து வரும் இடத்தில் தமிழில் 341 துண்டுதான் நிற்கும். விலாசமென்று பார்த்தால் அது போதும். ஆனால் நம் எழுத்துக்கு இடம் மூன்று மடங்கு போகிறது என்பது தமிழில் செயலி செய்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு.

துண்டுகளை ஒன்றாக்க நிரலில் ஒரு வரி போதும், அதை அப்போதே சேர்த்துவிட்டார். ஏற்கெனவே ஏறியவைதான் வேலை வைத்தன. செயலிக்கு ஃபயர்பேஸ் தருகிற கட்டளைகளில் பெயர் மாற்றுவது என்று ஒன்று கிடையாது. புது விலாசத்தில் நகல் வைத்து, சரிபார்த்து, பழையதை அழிக்க வேண்டும். அழித்துவிட்டு நகல் எடுக்கப் போகக்கூடாது. மூன்று பேரும் பட்டியலைப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் இன்னொன்றும் கவனித்தார்கள். சங்கரன்கோவில் அம்மன் பெயர் கோமதி. இந்தச் சீமையில் வீட்டுக்கு வீடு அந்தப் பெயர் உண்டு. ஒரே விலாசத்தில் இரண்டாவது படம் ஏறினால் முதல் படத்தின்மேல் ஏறிவிடும். வேறு ஒரு கோமதியின் படம் எங்கள் பெண்ணின் படத்தை விழுங்கியிருக்கலாம். அதனால் இனி விலாசத்தில் ஆர்டர் எண்தான் என்று முடிவு செய்தார்கள். பெயர் தரவுத்தளத்தில் இருக்கும்.

எனக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. தமிழ்ப் பெயரைத் தூக்கிவிட்டு எண்ணைப் போடுவதா என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முந்தி ஜோசியர் சொன்னார்னு ஸ்பெல்லிங் மாத்துதாங்க அண்ணாச்சி. பேரு மாறும், விலாசம் மாறக்கூடாது. பேரப் பாய்ல பாத்துக்குவோம்."

அவர் சொல்வதுதான் சரி. பெயர் மனிதர்களுடையது, நாளைக்குத் திருத்துவார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. விலாசம் அதைத் தாங்காது. தரவுத்தளத்தில் பதிவிறக்க இணைப்பை வைக்காமல் விலாசத்தை மட்டும் வைப்பதும் அவர் பழக்கம். அந்த இணைப்புக்குள் ஒரு டோக்கன் இருக்கிறது. அதை ரத்து செய்யும்வரை யார் கைக்குப் போனாலும் படம் திறக்கும். விலாசமானால், ஆர்டர் கொடுத்தவர் உள்நுழைந்தால்தான் திறக்கும்படி விதி எழுதலாம். கல்யாண வீட்டுப் படங்களை அவ்வளவு பொறுப்பாகக் காக்கிற மூன்று பேரை நான் அங்கே பார்த்தேன்.

இருட்டுகிற நேரத்தில் என் கைபேசியில் படம் வந்தது. தங்கச்சி மகள் சரி சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்துப் பத்தமடைக்குப் போனேன். சாயம் ஏறிய கோரையைத் தண்ணீர் தொட்டு ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. பாதிப் பெயர் எழும்பியிருந்தது. கோரைத் துகள் ஒட்டிய விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்: "இது கொம்பு, இது க, இது காலு. மூணையும் தனித்தனியாத்தான் எண்ணி எடுக்கணும்."