செவிச் செல்வமும் மடிக்கணினியும்

மொழி முதலில் செவிக்கு உரியது. அதன் பின்னரே அது நாவிற்கும் கைக்கும் உரியதாகிறது. செவியில் தெளிவாக விழாத ஒலி நாவில் தெளிவாக எழுவதில்லை. வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டமும் கேட்டல், பேச்சு என்றே தொடங்குகிறது.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பள்ளிக் கதவுகள் மூடின. வகுப்பறை வீட்டிற்குள் புகுந்தது. வட செபராங் பிறையில் உள்ள தாசேக் கெலுகோர் போன்ற சிற்றூர்களிலும் ஆசிரியரின் குரல் கருவி வழியே பிள்ளையைச் சென்றடைந்தது. பள்ளிகள் மீண்டும் திறந்துவிட்டன. ஆயினும் மடிக்கணினியும் ஹெட்போனும் மாணவரைவிட்டு நீங்கவில்லை. கதையும் செய்யுளும் பேச்சும் இன்று அவற்றின் வழியாகவும் செவியை அடைகின்றன.

தமிழுக்கு இது சிறிய செய்தியன்று. வால், வாள், வாழ் என்னும் மூன்று சொற்களையும் பிரிப்பது ஓர் எழுத்தின் ஒலியே. நாவின் விளிம்பு தடித்துப் பல்லின் அடியைப் பொருந்த, அண்ணத்தை ஒற்றினால் லகரமும் வருடினால் ளகரமும் பிறக்கும் என்றும், நாநுனி மேலெழுந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்றும் தொல்காப்பியர் பிறப்பியலில் நுணுகி உரைத்தார். இத்துணை நுண்ணிய வேறுபாடு, தகரக் கூரையில் மழை இரையும் வேளையில், மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கி வழியே எவ்வாறு முழுமையாக வந்து சேரும்?

விலையுயர்ந்த ஹெட்போன் வாங்கினால் குறை தீரும் என்பர் சிலர். ஒலியின் பயணம் ஒரு சங்கிலி போன்றது. அதன் வலிமை மிக மெலிந்த கண்ணியின் வலிமையே.

முதற்கண்ணி பதிவு. மனிதச் செவி நொடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளைக் கேட்கவல்லது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, அதற்கேற்ப நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிந்தது. இன்றைய கோப்புகளோ இடத்தைச் சுருக்குவதற்காக ஒலியின் ஒரு பகுதியை உதிர்த்துவிடுகின்றன. மிகுதியாகச் சுருக்கிய பதிவில் உதிர்ந்ததை எந்த ஹெட்போனும் மீட்டுத் தராது. ஆகவே, பாடம் பதியும் ஆசிரியர் ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் வைத்து, மின்விசிறியை நிறுத்திப் பேசுவதே முதற்றொண்டு.

இரண்டாம் கண்ணி மடிக்கணினி. எண்ணாக உள்ள ஒலியை மின்னலையாக மாற்றும் உறுப்பு அதனுள்ளேயே இருக்கிறது. அருகிலுள்ள பிற உறுப்புகளின் மின்குறுக்கீட்டால் சில கணினிகளில் மெல்லிய இரைச்சல் எழும். அதனை நீக்க, டி.ஏ.சி. எனப்படும் சிறு கருவியை யூ.எஸ்.பி. துளையில் இணைக்கலாம். மின்தடை 16 முதல் 32 ஓம் வரையுள்ள ஹெட்போன்கள் பொதுவாக மடிக்கணினிக்குப் பொருந்தும். 300 ஓம் அளவினவற்றிற்குத் தனிப் பெருக்கி தேவைப்படலாம்.

மூன்றாம் கண்ணி இணைப்பு. புளூடூத் ஹெட்போனின் ஒலிவாங்கியை இயக்கியதும் பலவற்றில் ஒலித்தரம் தொலைபேசியின் தரத்திற்குத் தாழ்ந்துவிடும். பழைய வகைகளில் 4,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டவை கேட்கவே மாட்டா. ‘இசை’ என்பதிலுள்ள சகரத்தின் சீறல் பெரும்பாலும் அதற்கு மேல்தான் உள்ளது. மடிக்கணினியின் ஒலிவாங்கியைத் தேர்ந்துகொண்டாலோ, கம்பி இணைப்பைப் பயன்படுத்தினாலோ இக்குறை தீரும். இதற்குச் செலவு ஏதுமில்லை அல்லது மிகச் சிறிது.

இறுதிக்கண்ணி செவி. ஹெட்போனின் மெத்தை காதைச் சுற்றி இடைவெளியின்றிப் பொருந்தினால் புறவொலி குறையும். ஒலியைக் கூட்டவேண்டிய தேவையும் குறையும். பெரியோர்க்கு வாரம் 40 மணி நேரத்திற்கு 80 டெசிபல், சிறுவர்க்கு 75 டெசிபல் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. பேரொலியால் உட்செவியில் அழிந்த நுண்மயிர் உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. கருவி பழுதானால் மாற்றலாம். செவியை மாற்றுவார் யார்?

ஆதலால், ‘உரக்கக் கேட்கிறதா?’ என்று வினவுவதினும் ‘தெளிவாகக் கேட்கிறதா?’ என்று வினவுவதே ஆசிரியர்க்கு அழகு. ‘வாள்’ என்று சொல்லி, ‘வால்’ என்று எழுதும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அப்பிள்ளை கேட்டது எது என்பதை ஆராய்வோமாக. ழகரம் செவியில் வாழ்ந்தால்தான் நாவிலும் வாழும்.