ஒரே அடுப்பு

அன்பை அளப்பதற்கு நம் வீடுகளில் தனி அளவுகோல் ஒன்று உண்டு. விருந்தினர் இலையில் இறைச்சி எவ்வளவு விழுந்தது, குழம்பில் தேங்காய் எவ்வளவு அரைபட்டது, பொரித்தவை எத்தனை வகை என்பதே அது. குமரி மாவட்டத்துச் சமையலில் தேங்காயின்றி எதுவும் நடவாது. மீன் குழம்புக்கும் அவியலுக்கும் அரைத்த தேங்காய். தீயலுக்கு வறுத்த தேங்காய். புட்டுக்குத் துருவிய தேங்காய். இவற்றைத் தாளிக்கவும் தேங்காய் எண்ணெய். ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது தெரு முழுவதும் இறைச்சிக் குழம்பு மணக்கும். இவ்வாறு ஊட்டி வளர்த்த கைகளை நாங்கள் என்றும் நன்றியோடுதான் நினைக்கிறோம்.

அந்த அன்பின் நடுவேதான் எங்கள் அண்ணன் 47 வயதில் மாரடைப்பால் மறைந்தார். புகைப் பழக்கம் இல்லாதவர். உடல் பருத்தவரும் அல்லர். அடக்கத்திற்கு வந்திருந்த மருத்துவர் ஒருவர், குடும்பத்தில் அனைவரும் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது நல்லது என்று சொல்லிச் சென்றார். சோதித்தோம். கணவன் மனைவியாகிய எங்கள் இருவருள் ஒருவருக்கு, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 168 மில்லிகிராம் இருந்தது. அது யாருக்கு என்பதை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. இரத்தம் ஒருவருடையது, அடுப்போ இருவருக்கும் ஒன்றுதான். மூன்று மாதம் உணவையும் அன்றாடப் பழக்கங்களையும் மாற்றிப் பாருங்கள், பிறகு மாத்திரையைப் பற்றிப் பேசலாம் என்றார் மருத்துவர்.

கொலஸ்ட்ரால் நஞ்சன்று. உயிரணுக்களின் உறைக்கும், பல ஹார்மோன்களுக்கும், பித்த அமிலங்களுக்கும் அது தேவை. அதன் பெரும்பகுதியை நம் உடலே உண்டாக்கிக் கொள்கிறது. இரத்தத்தில் செல்லும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாயில்கள் கல்லீரல் அணுக்களின்மேல் உள்ளன. இவ்வாயில்களைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். வெண்ணெய், நெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி, பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது இவ்வாயில்களின் வேலை தளர்கிறது. இரத்தத்தில் தங்கிவிடும் துகள்கள் ஆண்டுக்கணக்கில் தமனிகளின் சுவரில் படிகின்றன.

எண்ணெய்ப் பொட்டலங்களில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. தாவர எண்ணெய் எதிலும் பொருட்படுத்தத்தக்க அளவில் கொலஸ்ட்ரால் இருப்பதில்லை. தேங்காய் எண்ணெயிலும் இல்லை. ஆனால் அதிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது. இரத்தத்தில் கொலஸ்ட்ராலை உயர்த்துவதில், நாம் உண்ணும் கொலஸ்ட்ராலைவிட இந்த நிறைவுற்ற கொழுப்புக்கே பெரும்பாலானவர்களிடம் கூடுதல் பங்கு உண்டு.

ஆதலால் எங்கள் அடுப்பில் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. ஒரு முறித் தேங்காய் அரைத்த குழம்புக்கு ஒரு கைப்பிடித் துருவலோடு நிறுத்தினோம். தாளிக்கக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வந்தன. அவையும் கரண்டியால் அளந்தே ஊற்றப்பட்டன. சாளையும் அயிலையும் பொரிசட்டியை விட்டுக் குழம்புச் சட்டிக்கு மாறின. வாரந்தோறும் சமைத்த மாட்டிறைச்சி மாதம் ஒரு முறை என்றாயிற்று. மாலைத் தேநீரோடு பழம்பொரி இருந்த இடத்தில் அவித்த சிறுபயறும் கொண்டைக்கடலையும் இடம் பிடித்தன. வெண்டைக்காயும் கொய்யாவும் அடிக்கடி வந்தன. காலை உணவில் வாரம் சில நாள் ஓட்ஸ் கஞ்சி. இவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பசைபோலாகிப் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. இழந்ததை மீண்டும் உண்டாக்கக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. நாள்தோறும் இருவரும் முக்கால் மணி நேரம் நடந்தோம். நடை மட்டும் எல்.டி.எல். அளவைப் பெரிதாகக் குறைப்பதில்லை. எனினும் இரத்த அழுத்தத்திற்கும், எடைக்கும், இதயத்தின் வலுவுக்கும் அது பெருந்துணை.

இவை எளியவையே. கடினமாயிருந்தது வேறொன்று. ஒரு நாள் எங்களோடு உண்ண அமர்ந்த அம்மா, தேங்காய் குறைந்த குழம்பைப் பார்த்துக் கொண்டே இருந்தார்கள். பிறகு, “அப்போ நான் வச்சு வச்சுக் குடுத்த கறிதான் எம் பிள்ளைய கொன்னுதா மக்களே?” என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லத்தான் நாங்கள் நெடுநேரம் எடுத்துக்கொண்டோம். இளவயதில் வரும் மாரடைப்பில் பரம்பரைக் கூறுக்குப் பெரும் பங்கு உண்டு. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குக் கல்லீரலின் அந்த வாயில்கள் பிறவியிலேயே குறைபட்டிருக்கின்றன. அத்தகையோர் எவ்வளவு கட்டுப்பாடாக உண்டாலும் உணவால் மட்டும் போதிய பயன் பெறுவதில்லை. ஊட்டிய தாய் எவரும் குற்றவாளி அல்லர்; தாம் அறிந்த மிகச் சிறந்ததையே அவர்கள் தந்தார்கள் என்று அம்மாவிடம் சொன்னோம். அம்மா முழுவதும் ஆறுதலடைந்தார்கள் என்று சொல்ல மாட்டோம். ஆனால் மறுவாரம், பழைய நாள்களில் அம்மியில் அரைத்த காணத் துவையலைத் தாமே அரைத்து வைத்தார்கள். காணம் எனப்படும் கொள்ளும், பயறும், கீரையும் நம் ஏழை நாள்களின் உணவாயிருந்தவை. கை சற்று நிமிர்ந்ததும் அவற்றைத்தான் நாம் முதலில் விருந்திலிருந்து விலக்கினோம்.

அடுப்பை ஒரு வீடு மட்டும் மாற்றினால் அது நிலைப்பது கடினம்; ஊரும் சேர வேண்டும். ஒரு மாநிலமே இவ்வாறு மாறிய வரலாறு உண்டு. பின்லாந்து நாட்டின் வட கரேலியா, இதயநோய்ச் சாவுகளுக்குப் பேர்போன பகுதியாயிருந்தது. பால்பண்ணைகள் நிறைந்த அம்மண்ணில் வெண்ணெயின்றி உணவில்லை. தேங்காயின்றி நமக்கில்லாததைப் போல. 1971-இல் அம்மக்களின் பிரதிநிதிகள் அரசிடம் உதவி கேட்டு விண்ணப்பித்தனர். 1972-இல் பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவரின் தலைமையில் பணி தொடங்கிற்று. இல்லத்தரசிகளின் சங்கம் ஊர் ஊராகக் கூடிச் சமைத்துக் காட்டி, பழைய பண்டங்களையே குறைந்த கொழுப்பில் செய்யக் கற்பித்தது. வெண்ணெய் குறைந்தது, காய்கறி கூடியது, புகைப்பதும் குறைந்தது. நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே மாரடைப்புச் சாவுகள் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. பின்னாளில் வந்த மருந்துகளும் சிகிச்சையும் அதற்கு உதவின. எனினும் முதல் ஆண்டுகளின் மாற்றம் பெரும்பாலும் சமையலறையிலும் புகைப்பழக்கத்திலும் நிகழ்ந்ததே.

மூன்று மாதம் கழிந்து பார்த்தபோது எங்கள் 168 என்பது 142 ஆகியிருந்தது. மகிழ்ந்தோம். ஆனால் அண்ணனின் மரணத்தைக் கருதி மருத்துவர் சிறிய அளவில் ஸ்டாட்டின் மாத்திரையும் எழுதினார், மறுக்காமல் ஏற்றோம். இயற்கை முறை என்றால் மருந்தைப் பகைப்பது என்று சிலர் எண்ணுகின்றனர். ஸ்டாட்டின் வகையின் முதல் மருந்துப்பொருளை ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்தே பிரித்தெடுத்தார். உணவும் மாத்திரையும் ஒன்றையொன்று தள்ளுவன அல்ல. இப்போது அந்த அளவு 88. மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிய தேவை இதுவரை எழவில்லை.

வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது சிறிதே. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு நேர்ந்திருந்தால் வலி வரும்வரை காத்திராமல் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். மிகுந்த கொலஸ்ட்ராலுக்குத் தனி வலியோ அறிகுறியோ பெரும்பாலும் இராது. நோயாளிக்கு மட்டும் தனிச் சட்டி வைத்து அவரைப் பந்தியிலிருந்து ஒதுக்காதீர்கள். வீடு முழுவதும் அந்தச் சட்டியிலேயே உண்ணுங்கள். அன்பியக் கூட்டங்களிலும் திருவிழாச் சமபந்தியிலும் பொரித்த பண்டத்தோடு ஒரு கிண்ணம் சுண்டலும் சிறிது பழமும் வையுங்கள். எங்கள் அன்பியத்தில் சென்ற முறை அப்படித்தான் செய்தோம். சுண்டல்தான் முதலில் தீர்ந்தது.