புள்ளடி யாருக்கு, பாரம் யாருக்கு?



ஒரு நாடு ஒரு கூட்டணியை விட்டுப் பிரிந்து போன கதையில் நமக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது ஆட்சியாளர்களின் கதை மட்டுமல்ல. அது அடுப்படி வரை வந்த கதை. அதனால்தான் அதை உங்களோடு பேச நினைத்தேன்.

1973 ஜனவரி 1ஆம் திகதி பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் இணைந்தது. தொடர்ந்தும் அதில் இருப்பதா என்று 1975இல் மக்களிடம் கேட்டபோது 67 வீதமானோர் ஆம் என்றனர். நாற்பத்தொரு வருடங்களின் பின், 2016 ஜூன் 23ஆம் திகதி, மீண்டும் ஒரு சர்வஜன வாக்கெடுப்பு. இம்முறை விலகுவோம் என்றோர் 51.9 வீதம், இருப்போம் என்றோர் 48.1 வீதம்.

அந்த நாட்களில் சாச்சியின் மகளுக்குப் பிள்ளைப்பேற்று உதவிக்காக நான் லண்டனில் இருந்தேன். தொலைக்காட்சியைத் திறந்தால் விவாதம், பஸ்ஸில் ஏறினால் விவாதம். வாரந்தோறும் 350 மில்லியன் பவுண் ஒன்றியத்துக்குப் போகிறது, அதை வைத்தியசாலைகளுக்குக் கொடுப்போம் என்று ஒரு சிவப்பு பஸ்ஸில் எழுதிக்கொண்டு ஊரூராகப் போனார்கள் விலகல் அணியினர். அந்தத் தொகையில் பிரித்தானியாவுக்குரிய கழிவு கழிக்கப்படவே இல்லை என்பதால் அது மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று அந்நாட்டுப் புள்ளிவிபர அதிகார சபையே சொன்னது. மறுபக்கத்தில் திறைசேரி, விலகினால் காலப்போக்கில் வீட்டுக்கு 4,300 பவுண் நட்டம் என்று கணக்குக் காட்டிப் பயமுறுத்தியது. வீட்டுச் செலவை எழுதி வைக்கும் பெண்களுக்குத் தெரியும், கழிவைச் சொல்லாத கணக்கும் கணக்கல்ல, பயம் காட்டும் கணக்கும் கணக்கல்ல!

விலகக் கேட்டவர்கள் எல்லோரும் வெறுப்பினால்தான் கேட்டார்கள் என்று சொல்வது நியாயமாகாது. லிங்கன்ஷயர் மாவட்டத்திலே பொஸ்டன் என்றொரு சிறிய நகரம். தோட்ட வேலைக்காகக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குறுகிய காலத்தில் ஏராளமானோர் வந்து சேர்ந்த இடம். பள்ளிக்கூடத்திலும் வைத்தியரிடத்திலும் நெருக்கடி என்று அங்குள்ளவர்கள் முறையிட்டார்கள். அவர்களில் 75.6 வீதமானோர் விலகலுக்கு வாக்களித்தார்கள். தங்கள் சட்டத்தைத் தங்கள் பாராளுமன்றமே இயற்ற வேண்டும் என்று விரும்பியவர்களும் இருந்தார்கள்.

இனி, என் மனதைத் தைத்த விடயத்துக்கு வருகிறேன்.

தங்கையிடம் இருந்தது நமது இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். ஆனால் அங்கு சட்டப்படி வசிக்கும் பொதுநலவாய நாட்டுப் பிரஜைகளுக்கு வாக்குண்டு. ஆகவே அவளுக்கும் மச்சானுக்கும் வாக்குச்சீட்டு இருந்தது. அயல் வீட்டில் ஒரு போலந்துப் பெண். பதினொரு வருடங்களாக அங்கே வேலை செய்து, வரி கட்டி, இரண்டு பிள்ளைகளையும் அங்கேயே பெற்றவள். அவளுக்கு வாக்கில்லை! அயர்லாந்து, மோல்டா, சைப்பிரஸ் தவிர்ந்த ஒன்றிய நாட்டவர் எவருக்குமே இல்லை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கும் இல்லை. 2014இல் ஸ்கொட்லாந்து பிரிவதா என்று கேட்டபோது இவ்விரு சாராருக்கும் வாக்களிக்க இடம் கொடுத்திருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மச்சான் ஓர் உணவகத்தில் பங்காளி. ஐரோப்பியரின் வரவு குறைந்தால் நமது பக்கத்திலிருந்து சமையற்காரரை எடுக்கலாம் என்று ஆசிய உணவகக்காரரிடம் விலகல் அணியினர் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி அவர் விலகலுக்குப் புள்ளடியிட்டார். தங்கையோ அயல் வீட்டுப் பிள்ளைகளை நினைத்து மறுபக்கம் இட்டாள். அது நோன்பு மாதம். ஒன்பதே காலும் கழிந்து நோன்பு திறக்கும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அயல் வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். "என் மகன், நாங்கள் எப்போது போக வேண்டும் என்று கேட்கிறான்" என்றாள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, "உங்களை நினைத்து நான் போடவில்லை" என்றார். உண்மைதான். அவர் அவளை நினைக்கவே இல்லை. வருத்தமும் அதுதானே!

அவளுடைய கேள்விக்கு முடிவான பதில் கிடைக்க வருடங்கள் சென்றன. 2020 ஜனவரி 31ஆம் திகதி நாடு விலகியது. ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் 2021 ஜூன் 30ஆம் திகதிக்குள் விண்ணப்பித்துத் தங்கள் வதிவிட உரிமையை நிரூபிக்கும்படி கேட்கப்பட்டார்கள். இலட்சக்கணக்கானோருக்கு அது கிடைத்தது; அவளுக்கும் கிடைத்தது. ஆயினும் தன் வீட்டில் இருப்பதற்கு விண்ணப்பம் எழுதும் மனநிலை எப்படிப்பட்டது?

மச்சானின் சமையற்காரர்? ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்தோர் தொகை பின்னர் கூடியது மெய்தான். ஆனால் 2024 ஏப்ரலில் தொழில் விசாவுக்கான பொதுச் சம்பள எல்லை 26,200 பவுணிலிருந்து 38,700 பவுணாக உயர்ந்தது. சிறிய உணவகம் ஒன்று அவ்வளவு சம்பளம் கொடுக்க இயலுமா?

வடக்கு அயர்லாந்தையும் பாருங்கள். 1998ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அமைதி கண்ட மண் அது. அங்கு 55.8 வீதமானோர் இருக்கவே விரும்பினார்கள். சுமார் 500 கிலோமீற்றர் நீளமான எல்லையில் மீண்டும் சோதனைச் சாவடி வருமோ என்ற அச்சம் ஆண்டுக்கணக்காக நீடித்தது. விலகுவதா, இருப்பதா என்று வாக்குச்சீட்டு கேட்டது. எப்படி விலகுவது என்று அது கேட்கவில்லை.

சகோதரிகளே, விலகியது சரியா பிழையா என்பதை அந்நாட்டவரே பேசித் தீர்க்கட்டும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பெரும்பான்மை ஒரு முடிவுக்குச் சட்டத்தைத் தரும், நியாயத்தைத் தராது. வீட்டை விற்பதானாலும், மகளின் படிப்பை நிறுத்துவதானாலும், ஊரை விட்டுப் போவதானாலும், கை தூக்கும் முன்னர் ஒன்றைக் கேளுங்கள்: இதன் பாரத்தைச் சுமக்கப்போவது யார், அவரிடம் யாராவது கேட்டார்களா?