கதைக்கேற்ற விதி

கருவி நல்லதா என்று வினவுமுன், செய்யவேண்டிய செயல் யாது என்று வினவுதல் அறிவுடையார் வழக்கு. நெல் குற்றுதற்கு உலக்கை வேண்டும். கிழிந்த துணியைத் தைத்தற்கு ஊசி வேண்டும். இரண்டும் நல்ல கருவிகளே. ஆயினும், ஒன்றன் தொழிலை மற்றொன்று செய்யாது. செய்யுளும் இவ்வாறே. வெண்பாவுக்குச் செப்பலோசையும், ஆசிரியப்பாவுக்கு அகவலோசையும் உரியன. பொருளை நோக்கிப் பாவைத் தேர்பவனே புலவன். வகுப்பறையில் நான் பல்லாண்டு கற்பித்த இவ்வுண்மையை, அண்மையில் ஓர் ஆட்டத்திலும் கண்டு வியந்தேன்.

அவ்வாட்டத்தின் இயல்பு இது: சிலர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் நெறியாளராக இருந்து கதைக்களத்தை விரித்துரைப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாம் செய்வதைச் சொல்லுவர். செயல் கைகூடுமா என்பதைப் பகடையும் விதிநூலும் முடிவு செய்யும். ஒரே கதை பல மாதங்கள் தொடர்வதும் உண்டு. ‘ரோல்பிளேயிங்’ எனப்படும் இவ்வாட்டத்துக்கு முதன்முதல் விற்பனைக்கு வந்த விதிநூல் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பதாகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் இயற்றிய அந்நூல் 1974-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது போர் விளையாட்டுகளினின்று பிறந்தது. ஆதலின், வெற்றி பெறப்பெற வீரனின் ஆற்றல் வளருமாறு அதன் விதிகள் அமைந்துள்ளன.

என் பெயரனும் அவன் தோழர் நால்வரும் அந்நூலைக்கொண்டு பேய்க்கதை ஒன்றை ஆடத் தொடங்கினர். பாழடைந்த மாளிகை, நள்ளிரவு, அணைந்த விளக்கு எல்லாம் இருந்தன. அச்சம் மட்டும் பிறக்கவில்லை. ஒவ்வொருவனும் வாளை உருவிப் பேயின்மேற் பாய்ந்தான். பேய் மாண்டது, அனைவரும் நகைத்தனர். அரிதின் முயன்று கதையமைத்த நெறியாளன் மனம் நொந்தான். ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தினர். இளமைதொட்டு வளர்ந்த நட்பே முறியுமோ என நான் அஞ்சினேன். உண்மையில் குறை ஆடினோரிடத்தும் இல்லை, நூலினிடத்தும் இல்லை. வீரத்துக்கென வகுத்த விதியிடம் அச்சத்தை எதிர்பார்த்ததே குறை.

பின்னர் அவர்கள், சாண்டி பீட்டர்சன் இயற்றி 1981-இல் வெளிவந்த ‘கால் ஆஃப் கதுலு’ என்னும் நூலை நாடினர். லவ்கிராஃப்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் அச்சக் கதைகளைத் தழுவியது அது. அதில் உடல் வலிமையைப் போலவே மனத்தெளிவுக்கும் எண்ணளவு உண்டு. கொடுங்காட்சிகளைக் காண்பதால் அது குறையும்; முற்றும் அழிந்தால், அப்பாத்திரம் ஆடுவோன் கையைவிட்டு நீங்கும். இவ்வொரு விதியால் ஆட்டத்தின் போக்கே மாறிற்று. பேயை எதிர்த்துப் பாய்ந்தவர், கதவைத் திறக்கவும் தயங்கினர். குரல் தாழ்த்திப் பேசினர். ஒருவரையொருவர் துணையாகப் பற்றினர். முறிய இருந்த நட்பும் தழைத்தது.

‘டிரெட்’ என்னும் வேறொரு நூலில் பகடையே இல்லை. அடுக்கிய மரக்கட்டைகளின் கோபுரத்திலிருந்து கட்டைகளை ஒவ்வொன்றாக உருவவேண்டும். கோபுரத்தைச் சரித்தவனின் பாத்திரம் கதையினின்று நீங்கும். நடுங்கும் விரலே அங்கு அச்சத்தை ஊட்டுகிறது. பேராசையால் கெடுவோரின் கதைக்கு உரிய ‘ஃபியாஸ்கோ’வில், நெறியாளரே இல்லை; கதையை அனைவரும் சேர்ந்தே வளர்ப்பர்.

ஆகவே, மாணவர்களே, கூடி ஒரு கதை ஆட விழைவோர் முதலில் தம்முள் கலந்து பேசுதல் வேண்டும். நாம் விரும்புவது வீரமா, அச்சமா, நகையா? கதை ஓரிரவில் முடிவதா, பல மாதம் தொடர்வதா? நுண்ணிய விதிகளைக் கற்கும் பொறுமை அனைவர்க்கும் உண்டா? இவற்றிற்கு விடை கண்டபின் நூலைத் தேர்க. பலர் புகழ்வது என்பதற்காக ஒன்றைக் கொள்ளுதலும், பழையது என்பதற்காக ஒன்றைத் தள்ளுதலும் தகா. விதி எதனைப் போற்றுகிறதோ, அதனையே ஆடுவோர் நாடுவர்.