தண்ணி பார்த்தியா மகள்?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், ரயில் பாதைக்குச் சற்று முன்னால் எங்கள் வீடு இருக்கிறது. வாசலில் ஒரு மொரிஸ் மைனர் கார் நிற்கும். 1964ஆம் ஆண்டு செய்யப்பட்டது. இலக்கத் தகட்டில் பழைய ஸ்ரீ எழுத்து இன்றும் உண்டு. அதை வாங்கியவர் அப்பா. எங்கள் வீட்டில் பாட்டனாரை அப்பா என்றும் தந்தையை வாப்பா என்றும்தான் அழைப்போம்.

ஆரம்பப் பிரிவில் படித்த காலத்தில் அந்தக் காரால் எனக்குப் பெரிய வெட்கம். தோழிகள் குளிரூட்டிய வான்களிலும் புதிய கார்களிலும் வந்து இறங்குவார்கள். எங்கள் கார் வருவது வீதி முனையிலேயே கேட்டுவிடும். “அப்பா, இங்கேயே நிப்பாட்டுங்க, நான் நடந்து போறேன்” என்பேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பாடசாலை வாசலுக்கு முந்திய மரத்தடியில் நிறுத்துவார். அவருக்குக் காரணம் தெரிந்திருக்கும் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

வாப்பா 2009இல் குவைத்துக்குப் போனார். எனக்கு அப்போது ஒரு வயது. அங்கே ஒரு கராஜில் மெக்கானிக் வேலை. எனக்கு வாப்பா என்றால் வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் வரும் ஒரு குரல். என்னிடம் “நல்லா படிக்கிறியா மகள்?” என்று கேட்பார். பிறகு அப்பாவிடம் அரை மணித்தியாலம் காரைப் பற்றிப் பேசுவார். “ரேடியேற்றருக்குத் தண்ணி பார்த்தீங்களா? பெல்ட் எப்படி இரிக்கி?” என்னைவிடக் கார்தான் அவருக்குப் பெரிது என்று உம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறேன்.

2018இல் அப்பா மௌத்தானார். ஜனாஸாவை அன்றே அடக்கிவிட்டார்கள். வாப்பா வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். பயணப் பையைத் திண்ணையில் வைத்தவர் நேரே போய்க் காரின் பொனட்டைத் திறந்து அதற்குள்ளே பார்த்தபடி நெடுநேரம் நின்றார். அவர்மீது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டு வாரத்தில் திரும்பவும் போய்விட்டார்.

2020இன் கடைசியில், கொரோனாவினால் வேலை போய், ஒரேயடியாக வந்தார். அப்பாவின் கார் இரண்டு வருடமாக அசையாமல் நின்றிருந்தது. மழை படக்கூடாது என்று வாப்பும்மா அதைப் பொலித்தீன் விரிப்பால் இறுக்கி மூடி வைத்திருந்தார். வாப்பா விரிப்பை நீக்கி, கால் மிதியைத் தூக்கிப் பார்த்தார். காரின் தளத்தில் என் கை நுழையுமளவுக்கு ஓட்டை. துரு.

“அங்க வெயில் ரப்பரத் திங்கும். இங்க கடல் இரும்பத் திங்கும்” என்றார். வாப்பும்மாவின் காதில் விழாதபடி மெதுவாகத்தான் சொன்னார். பொலித்தீன் மழையைத் தடுக்கும். ஆனால் நிலத்திலிருந்து எழும் ஈரத்தையும் உப்புக் காற்றையும் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அன்பினால் மூடியதே காரை அரித்திருந்தது.

2022ஆம் ஆண்டு நடுப்பகுதி உங்களுக்கும் நினைவிருக்கும். எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. எனக்குப் பதினான்கு வயது. வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. வாப்பா காருக்கடியில் படுத்திருப்பார். “மகள், அந்த அரை அங்குல ஸ்பெனர எடுங்க” என்பார். ஸ்பெனர் எடுத்துக் கொடுக்கப் போனவள்தான், பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வாயால்தான் குவைத்தை நான் முதன்முதலாகக் கண்டேன். அங்கே மித்ரிபா என்ற இடத்தில் 2016 ஜூலையில் 53.9 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானதாம். அந்த வெயிலில் ரப்பர்க் குழாய்கள் வெடிக்கும். பற்றரித் தண்ணீர் வற்றிவிடும். தூசிப் புயல் அடித்தால் மறுநாளே காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ரேடியேற்றரின் மெல்லிய தகடுகளுக்கிடையில் மணலும் பூச்சிகளும் அடைந்துகொள்ளும். அதை எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கித் தண்ணீர் பீய்ச்சித்தான் கழுவ வேண்டும், முன்னாலிருந்து பீய்ச்சினால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் அதன் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களை வாசிக்க வேண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. வெயில் தேசத்தில் டயர் ஓடித் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும்.

பாலைவனத்தில் கற்றதையெல்லாம் அவர் வெள்ளவத்தைக் காரில் செய்து பார்த்தார். ரேடியேற்றரைத் திறந்துவிட்டபோது சாயத் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. பல வருடமாக வெறும் தண்ணீர் ஊற்றியதன் பலன். தெளிந்த நீர் வரும்வரை கழுவி, வடித்த நீரும் கூலன்டும் பாதிக்குப் பாதியாக ஊற்றினோம். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துவதோடு உள்ளே துருவையும் தடுக்கும்.

அந்த ரேடியேற்றர் மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும். அமுக்கம் கூடினால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, ஏறத்தாழ 111 பாகை வரை பொறுக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அமுக்கம் சட்டென்று விழும். அத்தனை தண்ணீரும் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் பாயும். வாப்பாவின் வலது முன்கையில் உள்ள தழும்பு அப்படி வந்ததுதான். உம்மாவுக்கே அது அன்றுதான் தெரிந்தது. பின்னாளில் பௌதிகவியல் வகுப்பில் அமுக்கமும் கொதிநிலையும் படித்தபோது எனக்கு அந்தத் தழும்புதான் கண்முன் வந்தது.

சூட்டுக்குப் பயந்து தெர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிந்துவிடுவது நம் ஊரில் பலர் செய்யும் வேலை. அது பிழை என்றார் வாப்பா. எஞ்சின் அளவான சூட்டுக்கு வராமலே ஓடினால் உள்ளே தேய்மானம் கூடும். வெப்ப நாடுகளுக்கென்று 74 பாகையில் திறப்பது உண்டு. அதைத்தான் தேடிப் போட்டோம். தேடியது பஞ்சிகாவத்தையில். நான்காவது கடையில் கிடைத்தது.

தகர வேலையும் மின் வேலையும் கொட்டாஞ்சேனையில், புனித லூசியாள் பேராலயத்துக்குக் கிட்டிய சிறு கராஜ் ஒன்றில் நடந்தன. அங்குள்ள பாஸ் அப்பாவின் காலத்து மனிதர். “இந்தக் காருக்கு நாட்டில சாமான் தட்டுப்பாடு வராது தங்கச்சி” என்று என்னிடம் சொன்னார். தொண்ணூறுகளில் கொஸ்கொடையில் இந்தக் காரின் தகரப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்களாம். 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான கார் இது. வடிவமைத்தவர் துருக்கியின் இஸ்மிரில் பிறந்த அலெக் இசிகோனிஸ். பின்பு மினி காரையும் அவரே உருவாக்கினார். மொத்தம் 16 இலட்சம் அளவில் செய்யப்பட்ட வண்டியொன்றுக்காகவா நான் மரத்தடியில் இறங்கினேன் என்று எண்ணிக்கொண்டேன்.

சில மாற்றங்களும் செய்தோம். இந்தக் காரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் மானியே கிடையாது, ஒன்று பொருத்தினோம். நெரிசலில் நிற்கும்போது உதவ, ரேடியேற்றருக்கு மேலதிகமாக ஒரு மின்விசிறி. அதற்குப் பழைய டைனமோவின் 22 அம்பியர் போதாது என்பதால் ஒல்ட்டனேற்றர். பழைய கார்களின் வழக்கப்படி பற்றரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அதை முதலில் எதிர்முனையாக மாற்றாவிட்டால் ஒல்ட்டனேற்றர் கருகிவிடும். முன்சக்கரங்களைத் தாங்கும் மூட்டுகளுக்கு 1000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கவேண்டும், மறந்தால் ஓடும்போதே சக்கரம் சாய்ந்துவிடும் என்று இரண்டு தரம் சொன்னார்.

கியூஆர் முறை வந்து வாரத்துக்கு 20 லீற்றர் கிடைத்த நாட்களில், எரிபொருள் நிலைய வரிசையில் வெயிலில் நின்ற கார் இயங்க மறுத்தது. பின்னால் நின்றவர்கள் ஹோன் அடித்தார்கள். வாப்பா அவசரப்படாமல் ஒரு துவாயை நனைத்துப் பெற்றோல் குழாயின்மேல் போட்டார். சூட்டில் குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகியிருந்தது. பம்பினால் திரவத்தைத் தள்ள முடியும், ஆவியைத் தள்ள முடியாது. ஐந்து நிமிடத்தில் பம்ப் டிக் டிக் என்றது, கார் உயிர்த்தது. “குவைத்தில இப்படித்தான் நானும் தலையில ஈரத் துவாயப் போட்டுக்கொண்டு வேலை செய்வேன்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதால் பழைய கார்களின் விலை ஏறியிருந்தது. 2023இல் ஒருவர் வீட்டுக்கே வந்து நல்ல விலை கேட்டார். எங்களுக்குக் கடன் இருந்தது. வாப்பாவுக்குக் குவைத்தில் பழைய கராஜிலிருந்து மீண்டும் அழைப்பும் வந்திருந்தது. அன்றிரவு நான்தான் சொன்னேன்: “வாப்பா, கார வித்திடுங்க. நீங்க போக வாணாம்.”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “கார வித்தா கடன் முடியும், ஒரு வருஷம் சாப்பிடவும் ஏலும். அதுக்குப் பொறகு? நீங்க கெம்பஸ் போகோணும் மகள்” என்றார்.

கார் நின்றது. வாப்பா போனார். போகுமுன் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதித் தந்தார்: எந்தக் கிழமை எதைப் பார்ப்பது, எந்தச் சத்தம் கெட்டது. பொலித்தீனால் மூட வேண்டாம், பருத்தித் துணி போதும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்.

சென்ற வருடம் வாப்பும்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மாமா ஓட்டினார். பம்பலப்பிட்டி தாண்டும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. “சார்ஜ் இல்ல, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாப்பம்” என்றார் மாமா. “இல்ல மாமா, உடனே நிப்பாட்டுங்க” என்றேன். ஒல்ட்டனேற்றரைச் சுற்றும் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. மின்விசிறி ஓடினாலும் தண்ணீர் ஓடாது. மானி அதற்குள் ஏறத் தொடங்கியிருந்தது.

பொனட்டைத் திறந்தோம். பெல்ட் அறுந்து கிடந்தது. மாமாவின் கை ரேடியேற்றர் மூடிக்குப் போனது, தட்டிவிட்டேன். முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டோம். டிக்கியில் வாப்பா வைத்துவிட்டுப்போன மாற்றுப் பெல்ட்டும் அரை அங்குல ஸ்பெனரும் இருந்தன. ஒல்ட்டனேற்றரின் ஆணியைத் தளர்த்திப் பெல்ட்டைப் போட்டு, பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசையுமளவுக்கு இறுக்கினேன். பாடசாலைச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை வீதியோரம் நின்று இதைச் செய்வதைப் பலரும் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்கு வெட்கமாகவே இருக்கவில்லை. வாப்பும்மா பின்னாசனத்திலிருந்து, “அப்பா இரிந்தா பார்த்திருப்பாரு” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வாப்பா அழைத்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் பக்கத்தில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “எத்தின மணித்தியாலம் ஆறவெச்ச?” என்று மட்டும் கேட்டார்.

அப்பாவோடு அரை மணித்தியாலம் காரைப் பற்றிப் பேசியபோதெல்லாம் அவர் உண்மையில் என்ன பேசிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இப்போது தெரியும். நாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து ஒரு மகன் தன் தந்தைக்குச் செய்யக்கூடிய பணிவிடை அதுவாகத்தான் இருந்தது. ஜனாஸாவைக் காணாதவர் பொனட்டைத் திறந்து நின்றதும் அதனால்தான்.

இப்போது வெள்ளிதோறும் காலையில் நான் காரை இயக்கி, பம்பின் சத்தத்தைக் கேட்டு, எண்ணெயும் தண்ணீரும் பார்த்துக் கொப்பியில் குறிக்கிறேன். பின்னேரம் தொலைபேசி வரும்.

“தண்ணி பார்த்தியா மகள்?”

“பார்த்தேன் வாப்பா. அங்க இண்டைக்கு எத்தின பாகை?”

“நாப்பத்தெட்டு.”

“நீங்க தண்ணி குடிச்சீங்களா?”